பேங்க் வாசலில் வரிசை: உங்கள் ஒன்பது லட்சத்தில் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது?

கேள்வி: ஆத்தூர் பக்கம் நாலு ஏக்கரில் குச்சிக்கிழங்கு போடுகிறேன். இரண்டு வருஷமாக மழை சரியில்லை, கிணறு வற்றிவிட்டது. எங்கள் ஊர் நகரக் கூட்டுறவு வங்கியில் என் பெயரில் 8 லட்சம் ஒரே ரசீதாக டெபாசிட், ஒரு வருஷத்துக்கு 7.5% வட்டி; எட்டு மாதம் முடிந்திருக்கிறது. சேமிப்புக் கணக்கில் 60 ஆயிரம். அதே வங்கியில் நகைக்கடன், வட்டியோடு 1.90 லட்சம். ஊர் சொசைட்டியில் தனியாக இரண்டரை லட்சம். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்தது: ‘விவசாயி எவனும் கடன் கட்டல, பேங்க் முழுகப் போகுது’. திங்கட்கிழமையிலிருந்து வாசலில் கூட்டம். நானும் போய் நின்று எல்லாவற்றையும் எடுத்துவிடவா? மழை பெய்யாவிட்டால் ஒரு வங்கி நிஜமாகவே முழுகுமா? என் மைத்துனர் ஏற்காட்டில் சின்ன காபித் தோட்டம் வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு தேசிய வங்கியில் 6 லட்சம் கடன். காபி பூக்கத் தேவையான பூ மழை பொய்த்துவிட்டது. ‘வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொள்’ என்கிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டெபாசிட் 8,00,000. எட்டு மாத வட்டி 40,000. சேமிப்பு 60,000. ஆக 9,00,000. இதிலிருந்து நகைக்கடன் 1,90,000-ஐக் கழித்தால் 7,10,000. அதில் 5,00,000 ரூபாய் காப்பீட்டுக்குள் வருகிறது. மிச்சம் 2,10,000. நீங்கள் கவலைப்பட வேண்டிய தொகை இந்த இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்தான். ஒன்பது லட்சமும் போய்விடும் என்று நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

அந்த 5 லட்சத்துக்குப் பொறுப்பு, ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான டெபாசிட் காப்பீட்டுக் கழகம். கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-இல் மூடப்பட்டபோது சிறுசேமிப்புக்காரர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1962 ஜனவரி 1-இல் இந்தத் திட்டம் வந்தது. அன்றைக்கு வரம்பு வெறும் 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சமானது, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். பிரீமியத்தை வங்கிதான் கட்டும், நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். வரம்பு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு. மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம். ‘வரம்புக்குள்தானே இருக்கிறது’ என்று 4,80,000-ஐ 7.5 சதவீதத்தில் போட்டு வைப்பவர்கள் உண்டு. காலாண்டுக் கூட்டுவட்டியில் அது ஒரு வருஷத்தில் சுமார் 5,17,000 ஆகிவிடும். மேலே உள்ள 17,000 காப்பீட்டுக்கு வெளியே.

நகைக்கடனை ஏன் கழித்தேன் என்பது முக்கியம். வங்கி மூடப்பட்டால், நீங்கள் தர வேண்டியதை உங்கள் டெபாசிட்டில் ஈடுகட்டிக்கொண்டு, மீதிக்குத்தான் காப்பீடு பார்க்கிறார்கள். அதாவது உங்கள் டெபாசிட்டில் 1,90,000 ரூபாய் கடனுக்கு நேராகி முழு மதிப்போடு உங்களுக்குப் பயன்பட்டுவிடுகிறது. பயத்தில் பலரும் செய்யும் தவறு, வெளியில் கைமாற்று வாங்கி அவசரமாக நகையை மீட்பது. அப்படிச் செய்தால் காப்பீடில்லாத தொகை 2,10,000-இலிருந்து 4,00,000 ஆக ஏறிவிடும். கைமாற்று வட்டி வேறு. நகை உங்களுடையது. அது வங்கியின் சொத்துக் கணக்கில் சேராது. கடன் தீர்ந்தால், வங்கி மூடியிருந்தாலும் அதை உங்களிடம் ஒப்படைத்தாக வேண்டும். லாக்கரில் இருப்பதும் அப்படியே.

சரி, அந்த 2,10,000-ஐ எப்படி வெளியே எடுப்பது? இரண்டு வழி உண்டு. ஒன்று, டெபாசிட்டை உடைப்பது. உடைத்தால் 7.5% கிடைக்காது. பணம் இருந்த எட்டு மாதத்துக்கு அன்றைக்கு என்ன வட்டி அறிவித்திருந்தார்களோ அதிலிருந்து அபராதமாக அரை முதல் ஒரு சதவீதம் கழிப்பார்கள். எட்டு மாதத்துக்கு 6% என்றும் அபராதம் 1% என்றும் வைத்துக்கொண்டால் 5% தான். 40,000-க்குப் பதில் 26,700 கிடைக்கும். நஷ்டம் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். இன்னொன்று, டெபாசிட்டின் மேல் கடன். இதைத்தான் நான் சொல்வேன். 2,50,000 கேளுங்கள். டெபாசிட் வட்டிக்கு மேல் 2% என்றால் 9.5%. மீதமுள்ள நாலு மாதத்துக்கு வட்டி சுமார் 7,900. டெபாசிட் முழுசாக 7.5 சதவீதத்திலேயே ஓடும். நகைக்கடனைப் போலவே இந்தக் கடனும் டெபாசிட்டில் ஈடாகும் என்பதால், உங்கள் நிகரப் பாக்கி 4,60,000-க்கு இறங்கி, முதிர்வு வரைக்கும் வரம்புக்குள் இருக்கும். கடன் தர மறுத்தால் மட்டும் உடையுங்கள்.

கடன் பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். உங்கள் பெயரில் வேறொரு வங்கியில் இருக்கும் கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். (வங்கிக்கு வங்கி உடனே பணம் மாற்றும் முறை) போடச் சொல்லுங்கள், இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் அதிலேயே போகும். செக் எழுதி இன்னொரு வங்கியில் போடுவது இந்த நேரத்தில் சரிப்படாது. செக் வசூலாகி வருவதற்குள் பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் ரிசர்வ் வங்கியின் தடை உத்தரவு வந்துவிட்டால் அது திரும்பிவிடும். ஆர்.டி.ஜி.எஸ். போட்டுப் பார்ப்பதில் இன்னொரு நன்மை, வங்கியின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கவுண்டரில் ‘கேஷ் இல்லை, நாளைக்கு வாங்க’ என்றால் அது கிளையில் நோட்டு தீர்ந்ததாக மட்டும் இருக்கலாம். எந்தக் கிளையிலும் மொத்த டெபாசிட்டும் நோட்டாக அடுக்கி வைத்திருப்பதில்லை. ஆனால் ஆர்.டி.ஜி.எஸ். அன்றைக்கே போகாமல் ‘சர்வர் சரியில்லை’ என்று இரண்டு மூன்று நாள் இழுத்தாலோ, முதிர்ந்த டெபாசிட்டை உங்களைக் கேட்காமல் ‘ரின்யூ பண்ணிட்டோம்’ என்றாலோ, பக்கத்து வங்கிகளைவிட ஒன்றரை, இரண்டு சதவீதம் கூட வட்டி தந்து புது டெபாசிட் தேடினாலோ, அது நோட்டுத் தட்டுப்பாடு இல்லை. பணத் தட்டுப்பாடு.

இனி உங்கள் பெரிய கேள்வி. மழை இல்லாமல் வங்கி முழுகுமா? முழுகும். எந்த வங்கி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் டெபாசிட் வாங்கும் வங்கி சட்டப்படி 18 ரூபாயை அரசுக் கடன் பத்திரம் போன்றவற்றில் வைத்திருக்கும், கொஞ்சம் ரொக்கமாகவும் வேறு வங்கிகளிலும் இருக்கும், பெரும்பங்கு கடனாக வெளியே போயிருக்கும். யாருக்கு? குச்சிக்கிழங்கு போட்டவருக்கு, அந்தக் கிழங்கை அரைக்கும் சேகோ ஆலைக்காரருக்கு, ஜவ்வரிசி ஏற்றும் லாரிக்காரருக்கு, இவர்கள் எல்லோரும் சரக்கு வாங்கும் மளிகைக்கடைக்காரருக்கு. காகிதத்தில் இவை நாலு விதத் தொழில். தண்ணீர் என்று வந்தால் நாலும் ஒன்றுதான். மழை தவறினால் கிழங்கு பருக்காது. டன் குறையும், பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) கணக்கில் கிடைக்கும் விலையும் கைக்கு எட்டாது. ஆலைக்குக் கிழங்கு வரத்தும் குறையும், கிழங்கைக் கழுவவும் மாவைப் பிரிக்கவும் தண்ணீரும் இருக்காது. காயப்போடும் களத்தில் கூலி நின்றுபோகும். லாரி நிற்கும். கடைப் பாக்கி நிற்கும். ஒருவர் தவணை தப்பினால் வங்கி தாங்கும். நாலு பேரும் ஒரே மாதத்தில் தப்பினால் தாங்காது.

இது ஒரு பக்கம். அதே மாதத்தில் அதே ஆட்கள் சேமிப்பையும் எடுக்க வருவார்கள். போரை இன்னும் இருநூறு அடி இறக்க வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் வாங்க வேண்டும், ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். ஆக வரவு நின்ற நேரத்தில் செலவு ஏறுகிறது. இதுவரைக்கும் வதந்தி எதுவும் இல்லை, யாரும் பயப்படவும் இல்லை. வங்கி மெதுவாக வற்றுகிறது. இந்தக் கட்டத்தில் யாரோ ஒரு ஆடியோ விட்டால் ஆறு மாதத்தில் வெளியே போயிருக்க வேண்டிய பணம் மூன்று நாளில் போகும். கடனைத் திடீரென்று திருப்பிக் கேட்டு வாங்க முடியாது. கடன் பத்திரங்களை அவசரத்துக்கு விற்றால் விலை குறைத்துத்தான் போகும். நன்றாக இருக்கும் வங்கியைக் கூட வரிசை சாய்த்துவிடும் என்பதற்குக் காரணம் இதுதான். அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் பணத்தைக் கணக்குப் பார்த்து எடுங்கள், அது உங்கள் உரிமை. அந்த ஆடியோவை மட்டும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் 5 லட்சத்துக்குள் வைத்திருக்கும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் கூலியை விட்டுவிட்டு நாள் முழுக்க வெயிலில் நிற்பார்.

இந்த நோய் முற்றினால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காதான் உதாரணம். அங்கே அந்தக் காலத்தில் பல மாநிலங்களில் ஒரு வங்கி கிளை திறக்கவே சட்டம் விடவில்லை. ஊருக்கு ஒரு வங்கி, அந்த வங்கிக்கு அந்த ஊர் மட்டும். 1920-களில் விளைபொருள் விலை விழுந்தது, 1930-இல் கடும் வறட்சி. அந்த ஆண்டின் கடைசியில் தொடங்கி ஊர் ஊராக வாசலில் கூட்டம் கூடியது. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் கதவை மூடின. 1933 மார்ச்சில் நாடு முழுக்க எல்லா வங்கிகளுக்கும் கட்டாய விடுமுறை விட வேண்டி வந்தது. வடக்கே கனடாவிலும் புல்வெளி மாகாணங்கள் காய்ந்தன, கோதுமை விலை விழுந்தது. அந்தப் பத்தாண்டில் அங்கே ஒரு வங்கியும் திவாலாகவில்லை. அங்கே வங்கிகள் சில, கிளைகள் நாடு முழுக்க. ஒரு மாகாணத்தில் மழை பொய்த்தாலும் இன்னொரு மாகாணத்தின் வரவு தாங்கியது.

நம் பக்கத்தில் பெரிய வங்கி முறிவுகள் வறட்சியால் வந்தவை அல்ல. சென்னையில் 1906-இல் அர்பத்நாட் கம்பெனி முறிந்ததற்கும், 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடியதற்கும் காரணம் வேறு. சேலத்தில் 1925-இல் தொடங்கிய சேலம் பேங்க்கும் முழுகிப் போகவில்லை. பாலாய்க்குப் பிறகு சிறு வங்கிகளைப் பெரியவற்றோடு சேர்த்த 1960-களில் அது இந்தியன் வங்கியோடு இணைந்தது. ஆனால் ஒரு ஊர், ஒரு பயிர், ஒரு மழை என்று நிற்கும் நகரக் கூட்டுறவு வங்கியின் அமைப்பு, அந்த அமெரிக்க ஊர் வங்கியின் அமைப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் வங்கியைக் குறை சொல்லாமலே சொல்கிறேன்: உங்கள் வருமானம் எந்த மழையை நம்பியிருக்கிறதோ, அதே மழையை நம்பியிருக்கும் வங்கியில் மொத்தச் சேமிப்பையும் வைக்கக்கூடாது. நிலம் காயும் வருஷத்தில்தான் உங்களுக்குச் சேமிப்பு தேவைப்படும்.

வங்கியின் ஆண்டறிக்கையைப் பார்க்கப் போனால் ஒரு எச்சரிக்கை. இந்த வருஷ வறட்சி இந்த வருஷ ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) தெரியாது. குறுகியகாலப் பயிர்க்கடன், தவணை கடந்து இரண்டு பயிர்ப் பருவம் கழிந்த பிறகுதான் வாராக்கடன் கணக்கில் ஏறும். காபி போன்ற நீண்டகாலப் பயிருக்கு ஒரு பருவம். நடுவில் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று பழைய கடனைப் புதுக் கடனால் அடைத்ததாகப் புத்தகத்தில் எழுதினால் இன்னும் தள்ளிப்போகும். அதனால் ஒரு வருஷ எண்ணைப் பார்க்காமல் மூன்று வருஷத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். நிகர வாராக்கடன் 6 சதவீதத்தைத் தாண்டியிருந்தாலோ, மூலதன விகிதம் (கொடுத்த கடன்களுக்கு எதிராக வங்கியின் சொந்தப் பணம்) 9 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தாலோ ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பே இறுகும். மொத்தக் கடனில் நகைக்கடனின் பங்கு என்ன என்றும் பாருங்கள். நகைக்கடன் மழையைப் பார்த்து நிற்பதில்லை. அதிகமாக இருந்தால் வறட்சிக் காலத்தில் அது வங்கிக்குப் பலம்.

சொசைட்டிப் பணம் தனிக் கதை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தை ஊரில் ‘பேங்க்’ என்றே சொல்வார்கள். சட்டப்படி அது வங்கி அல்ல, அங்கே போட்ட பணத்துக்கு இந்த 5 லட்சம் காப்பீடு கிடையாது. மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றுக்கு உண்டு. சங்கத்துக்கு இல்லை; சீட்டு, நிதி கம்பெனிகளுக்கும் இல்லை. சங்கம் தன் உபரியை மத்தியக் கூட்டுறவு வங்கியில் வைத்திருக்கும், நீங்கள் கேட்டால் அங்கிருந்து எடுத்துத்தான் தர வேண்டும். 2016 நவம்பரில் இதைப் பார்த்தோம். பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்ட பருவம் அது. செல்லாத நோட்டுகளை வாங்க மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கு நவம்பர் 14 முதல் தடை வந்தது, புது நோட்டும் போதுமான அளவு வரவில்லை. சங்கத்தின் புத்தகத்தில் பணம் இருந்தது, உறுப்பினர் கைக்கு வரவில்லை. ஆகவே ஒரு பருவத்துக்கு உழவு, உரம், ஆள்கூலிக்கு வேண்டியதை மட்டும் அங்கே வையுங்கள். நாலு ஏக்கருக்கு ஒரு லட்சம் போதும் என்பது என் கருத்து. மீதி ஒன்றரை லட்சத்தை முதிர்வு வரும்போது வெளியே கொண்டுபோங்கள். உறுப்பினராகத் தொடருங்கள், தவணைக்குள் கட்டினால் வட்டியில்லாத பயிர்க்கடன் வேறெங்கும் கிடைக்காது. பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் படியுங்கள். ஏ, பி, சி, டி என்று தணிக்கை வகைப்பாடு போட்டிருக்கும். சி, டி என்றால் ஒரு லட்சமும் அதிகம்.

நாலு மாதம் கழித்து 8 லட்சம் முதிரும்போது அதே மாதிரி ஒரே ரசீதாகப் போடாதீர்கள். இந்த வங்கியில் உங்கள் பெயரில் நாலு லட்சம், மீதியை ஊர் தாண்டிக் கிளைகள் உள்ள வேறொரு வங்கியில். இதே வங்கியில்தான் வைக்க வேண்டும் என்றால் உங்கள் பெயரில் ஒன்று, உங்கள் மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் சேர்த்து ஒன்று என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 5 லட்சம் வரம்பு. மனைவியை நாமினியாக மட்டும் போட்டால் தனி வரம்பு கிடைக்காது. நகைக்கடன் வாங்கும்போது பிடித்த பங்குத் தொகை டெபாசிட் ஆகாது, அதற்குக் காப்பீடும் இல்லை. கரூர் லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17-இல் தடை வந்தபோது எடுக்கும் வரம்பு 25,000. பத்து நாளில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்த்தார்கள், டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய் குறையவில்லை, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை.

ஒருவேளை உங்கள் வங்கிக்குத் தடை உத்தரவு வந்தால் 90 நாள் கணக்கு ஒன்று உண்டு. 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் 45 நாளில் வங்கி டெபாசிட்தாரர் பட்டியலைத் தர வேண்டும், அடுத்த 30 நாளில் காப்பீட்டுக் கழகம் சரிபார்க்கும், அடுத்த 15 நாளில் பணம். வேறு வங்கியோடு சேர்க்கும் பேச்சு நடந்தால் இன்னும் 90 நாள் வரை தள்ளலாம். பணம் தாமதமாவது பெரும்பாலும் காகிதத்தில்தான். ‘எனக்குக் காப்பீட்டுப் பணம் வேண்டும்’ என்ற சம்மதப் படிவத்தையும் வேறொரு வங்கிக் கணக்கின் விவரத்தையும் நீங்கள் தர வேண்டும். தராதவர் பெயர் பட்டியலில் போகாது. ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றாலே நிற்கும். அதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்குங்கள், டெபாசிட் ரசீதையும் நகைக்கடன் சீட்டையும் இரண்டு பக்கமும் நகல் எடுங்கள். பி.எம். கிசான் பணமும் மானியமும் இந்த வங்கிக் கணக்கில் விழுகிறதென்றால், ஆதார் இணைப்பை இன்னொரு வங்கிக்கு மாற்றுங்கள். இல்லையேல் புதிதாக வரும் பணமும் உள்ளே மாட்டும்.

இனி மைத்துனர். காபியில் நஷ்டம் மெதுவாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் பூ மழை தவறியதன் விளைவு டிசம்பர், ஜனவரியில் பழம் பறிக்கும்போதுதான் கையில் தெரியும், கடன் தவணையோ அதற்குள் வந்து நிற்கும். ‘வட்டியைக் கட்டிப் புதுப்பி’ என்றால் அவர் வட்டிக்கு வெளியில் கடன் வாங்குவார், அடுத்த வருஷம் இரண்டு கடன். அவர் கேட்க வேண்டியது மறுசீரமைப்பு. இயற்கைப் பேரிடரில் பயிர் இழப்பு 33% அல்லது அதற்கு மேல் என்று அதிகாரபூர்வமாக மதிப்பிடப்பட்டால் வங்கி தவணையைத் தள்ளி வைக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் 2018 விதி. அந்த வழிகாட்டுதலில் இழப்பு 33 முதல் 50% வரை என்றால் இரண்டு வருஷம் வரையும், அதற்கு மேல் என்றால் ஐந்து வருஷம் வரையும் அவகாசம், அதில் முதல் ஒரு வருஷம் தவணை இல்லை என்று இருந்தது. இப்போதைய சுற்றறிக்கையைக் கிளையில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இப்படி மாற்றியமைத்த கடன் வாராக்கடன் ஆகாது, அவர் பெயரும் கெடாது. தவணை தப்பி வாராக்கடனான பிறகு போய்க் கேட்டால் இந்த வாசல் மூடியிருக்கும்.

வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே பதில் வரும். எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், போன மூன்று வருஷம் எத்தனை கிலோ பறித்தார், பூ மழை எந்தத் தேதியில் எதிர்பார்த்து வரவில்லை, மிளகில் ஏதும் வரவு உண்டா என்று ஒரே பக்கத்தில் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அடங்கல் (பயிர்ப் பதிவேடு) நகலைச் சேர்த்து, தவணைத் தேதிக்கு முன்பே கிளையில் கொடுக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் கவுண்டரை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லுங்கள்.